குடிலுக்குப் போன மஞ்சள் முளை

ஓய்வுபெற்று ஏலாக்குறிச்சியில் இருந்த லூர்துமேரி டீச்சர் இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் அந்த ஊர் பஸ் கண்டக்டர். பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து, "காலையில போயிட்டாங்க டீச்சர். மூணு மணிக்கு எடுக்குறாங்க" என்றார். அன்று காலையில்தான் எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் குடிலுக்காகக் கேழ்வரகை ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தேன்.

டீச்சரிடம் படித்த நீங்கள் இன்று ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையிலும் அரியலூர் ஆபீசுகளிலும் இருக்கிறீர்கள். பாடத்தை மறந்திருப்பீர்கள், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்பதை மறந்திருக்க மாட்டீர்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மாதா கோயில் குடிலில் சவுக்குக் கிளையை நட்டு அதில் பஞ்சை ஒட்டுவார்கள். பனியே பெய்யாத உடையார்பாளையம் பக்கத்தில் பஞ்சு எதற்கு என்று ஒருமுறை சீண்டினேன். அவர் கோபப்படவில்லை. குளிர் நாடுகளில் மாசக்கணக்கில் பச்சையே கண்ணில் படாது, அதனால் பனியிலும் வாடாத ஒரு பச்சைக் கிளையை வீட்டுக்குள் கொண்டுவந்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள், பிறகு அதுவே பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது என்றார். "பஞ்சு நம்மாளுங்க கைவரிசை" என்று சிரித்தார்.

எழுபதுகளின் நடுவில் என் கணவர் இறந்தார். அதுவரை எங்கள் தெரு மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. அடுத்த திருவிழாவுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தாலியறுத்தவள் கை பட்டால் முளை கருகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள். நான் எங்கும் சொல்லி அழவில்லை. ஆனால் மார்கழிக்கு முன்னால் ஒருநாள் டீச்சர் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்து நின்றார். "குடிலுக்குப் புல்லு வேணும் கமலா. ஏழு தட்டு கேழ்வரகு போட்டுக் குடு. உன் கை சும்மா கெடக்கக் கூடாது" என்றார்.

அவர் கேட்டது புல். நான் வளர்த்தது முளைப்பாரி. பழக்கதோஷம், வேறென்ன சொல்ல? வெளிச்சம் படாத அறையில் வைத்துக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டேன். முளை செழிப்பாக வந்தது, ஆனால் மஞ்சளாக வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் இருவரும் தட்டுகளை மாதா கோயிலுக்குச் சுமந்துபோனோம். கோயில் காரியம் பார்த்த ராயப்பர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். இது மாரியாத்தாளுக்குப் போடுகிற மொளப்பாரி, குடிலுக்குள் வரக்கூடாது, மாட்டுக்குப் போடுங்கள் என்றார். என் வெறும் நெற்றியையும் பார்த்தார். ஒரே வருடத்தில் இரண்டு கோயில்களுக்கு வேண்டாத கை என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுக்கக் குனிந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துடலாம் ராயப்பண்ணே. ஆனா முழுசா எடுப்போம். மொதல்ல அந்தச் சவுக்கை எடுங்க, பச்சைக் கிளையை வூட்டுல வைக்கிறது சேசுவை அறியாத சனங்க செஞ்சது. பொம்மை மாட்டையும் கழுதையையும் எடுங்க, சாமி பொறந்த எடத்துல அதுக நின்னுச்சுன்னு வேதத்துல இல்ல. இருபத்தஞ்சாம் தேதியும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டா கொழந்தையும் தாய் தகப்பனும் இடையருங்களும்தான் மிச்சம். அன்னிக்கு அவங்களுக்கு எடமில்லன்னு சொன்னவங்க மாதிரி நாமளும் சொல்லணுமா? இவ தட்டு வெளிய போனா நானும் வெளிய போயிடுறேன்."

இருபது வருடமாக அந்தக் குடிலைக் கட்டியவர் அவர். சொன்னால் போய்விடுவார் என்பது ராயப்பருக்குத் தெரியும். குனிந்து ஒரு தட்டின் முளையைத் தடவிப் பார்த்தவர், "எங்க ஆத்தாளும் வேதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இதை எடுத்தவதான்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு, இப்படி மஞ்சளாக இருந்தால் புல் என்று எவன் நம்புவான் என்று கடுகடுத்தார்.

"வெயிலைக் காட்டுனா பச்சையாயிடும்ணே" என்றார் டீச்சர்.

கோயில் படிக்கட்டில் ஏழு தட்டும் நாள் முழுக்க வெயில் காய்ந்தன. பொழுது சாயும்போது அவை முக்கால்வாசி பச்சைக்கு வந்திருந்தன. ராயப்பரே ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப்போய் வைத்தார். அன்றைக்குத்தான் நான் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

டீச்சர் சொன்னதெல்லாம் சரித்திரப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தேதிக்கே இரண்டு மூன்று கதை உண்டு, எது சரி என்று கோயில் சாமியாருக்கும் தெரியவில்லை என்று பின்னாளில் டீச்சரே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருடமும் குடிலுக்கு என் தட்டு தவறியதில்லை. எங்கள் தெருவில் இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் போன ஆடியில் பக்கத்து வீட்டு மருமகள் கொல்லை வழியாக வந்து, முளை ஏன் தனக்குச் சீராக வரவில்லை என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் கையை. அவர் திருப்பித் தந்த கை இது. அடக்கம் முடிந்து திரும்பியதும் ஊறிய கேழ்வரகை அந்தக் கையால்தான் விதைத்தேன். இந்த வருடம் எட்டுத் தட்டு. ஏழு வெளிச்சத்தில் வளர்கின்றன, எட்டாவதைக் கூடையால் மூடி வைத்திருக்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் ஏலாக்குறிச்சிக்குப் போய், அதை மஞ்சளாகவே அவர் கல்லறை மேல் வைத்துவிட்டு வருவேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.