சொறியாத செக்கர்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். சமையல்காரர் கரண்டிக் காம்பால் சொறிந்தார். காவலாளி கேட் கம்பியில் முதுகைத் தேய்த்தார். மேலாளர் அம்மா யாரும் பார்க்காதபோது அளவுகோலை எடுத்தார். சொறியாதவர் ஒருவர்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற செக்கர்.

அரிப்பில் தூக்கம் கெட்டு வெறுத்துப்போன அவர் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூடத்துக்குப் போய்விட்டார். "ஞாயித்துக்கிழமை பையன் வரான். அவன்கூடவே போயிடறேன்."

விரல்கள் மடங்காமல் போனதிலிருந்து செக்கருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது அந்த அம்மாள்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நோயைக் கொண்டுவந்தவனைப் பிடித்தே தீருவதென்று கிளம்பினார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையைத் தன் கையில் வாங்கி, விரலிடுக்கெல்லாம் துழாவினார்.

"எங்கேருந்து ஏத்திட்டு வந்தே? மறைக்காம சொல்லு."

"தெரிஞ்சா நானே இறக்கி விட்டிருக்க மாட்டேனா, சார்?" என்றார் சமையல்காரர்.

சனிக்கிழமை தோல் டாக்டர் வந்தார். செக்கர் தன் சந்தேகங்களை அடுக்க அடுக்க, டாக்டர் அவர் கையையே பார்த்தார். உள்ளங்கை பழைய சுவர்போல் வெடித்துச் செதில் உதிர்ந்தது. நகங்கள் தடித்து மஞ்சளாகியிருந்தன.

"இது என்னங்கய்யா?"

"வறட்சி. கடையில களிம்பு வாங்கிப் போடறேன்."

"அரிக்கலையா?"

"எனக்கா? நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன்."

டாக்டர் ஒரு செதிலைச் சுரண்டி, நுண்ணோக்கியில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னார். உள்ளே கால்கள் முளைத்த பெருங்கூட்டம்.

"சிரங்குப் பூச்சி. மத்தவங்க உடம்புல பத்துப் பதினஞ்சு இருக்கும். உங்ககிட்ட ஆயிரக்கணக்குல இருக்கு. வயசான உடம்பு எதிர்த்து நிக்காததால உங்களுக்கு அரிப்பே தெரியல. அந்தக் களிம்பு வேற அதுக்கு ஊட்டம் குடுத்திருக்கு."

செக்கர் மெதுவாக உட்கார்ந்தார். "மொத்த வண்டிக் கூட்டமும் எங்கிட்டதானா?"

அவருக்குத் தனி அறை, தவணை தவணையாக மாத்திரை, உச்சந்தலை முதல் நகத்தடி வரை மருந்து. இல்லத்தில் மற்ற எல்லோருக்கும் ஒரே நாளில் பூச்சு. துணிமணியெல்லாம் கொதிக்கும் வெந்நீரில். அன்று மாலை மேலாளர் உட்பட அத்தனை பேரும், வெள்ளையடித்துக் காயவைத்ததுபோல, கையை அகட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அறைக் கதவு திறந்தது. தொளதொள அங்கியும் கையுறையுமாக மனைவி.

"பையன் வரலையா?"

"வந்தான். கேட்டுக்கு வெளியே நின்னு, மருந்து முடியட்டும்மான்னான். நீ கிளம்புடான்னு அனுப்பிட்டேன்."

"எம்மேல கோவமா?"

"இல்லாம? ஊரையே சொறிய வெச்சுட்டு விசாரணை வேற." மருந்துக் குழாயைப் பிதுக்கினார். "திரும்புங்க. முதுகு உங்களுக்கு எட்டாது."