தாழ்த்திய காரில் ஒரு தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மடியில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் தேங்காய், பழம், வெற்றிலை, குட்டிப் பட்டுப்பாவாடை, சிவப்பு டப்பாவில் ஒரு ஜோடி தங்கக் கம்மல். தாம்பாளத்துக்கு இரண்டு பக்கமும் என் முழங்கால்கள் – கிட்டத்தட்ட காது உயரத்தில்.

காரில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். படுத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

ஸ்போர்ட்ஸ் கார், சார். ரெண்டே கதவு, ரெண்டே சீட். பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர். டிக்கியில் அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். ஆகவே தாய்மாமன் சீர் மொத்தமும் என் மடியில்.

தாய்மாமன் நான் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கதிர்வேல். என் அத்தை மகன். கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. அவன் தங்கச்சி சுகந்தி வாழ்க்கைப்பட்டிருப்பது வண்டன்மேட்டில், ஒரு ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டில். அவள் மகள் யாழினிக்கு அன்றைக்குக் காதுகுத்து. காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். நான் சுகந்திக்கு மச்சான் முறை. என் மடி தாம்பாளம் வைக்க மட்டுமே லாயக்கு.

இந்தக் கார் இப்படிப் பிறக்கவில்லை. கொச்சியில் ஒரு டாக்டர் பூப்போல வைத்திருந்து விற்ற வண்டி. பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கதிர்வேலுக்குத் தெரிந்தது.

“ஸ்டாக்கா இருக்குதுங்க மச்சான்” என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

ஸ்டாக் என்றால் கம்பெனி கொடுத்தபடியே இருப்பது. வண்டியை மாற்றி அழகுபார்க்கிறவர்கள் வட்டாரத்தில் அது ஒரு வசவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நானும் ஒரு கார் வைத்திருக்கிறேன். அதில் நான் செய்த ஒரே மாற்றம், விரிசல் விட்ட பின் லைட்டுக்கு டேப் ஒட்டியது. என்னைப் போன்றவர்களிடம் அவன் இதையெல்லாம் பேசியதே பெரிய விஷயம்.

வண்டி கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போனது. மாதக்கணக்கில் வரவில்லை. நாலு சக்கரத்துக்கு மேலேயும் மட்கார்டை அறுத்து, வெளியே தள்ளி, பைபரில் புதிதாக வைத்தார்கள். பக்கத்துக்கு ஒரு சாண் அகலம். அந்த அகலத்தை நிரப்ப அகலமான டயர். பிறகு சஸ்பென்ஷனை மாற்றி உடம்பைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தினார்கள்... தாழ்த்திக்கொண்டே போனார்கள். முடிவில் வண்டிக்கு அடியில் ஒரு தேங்காய் உருளாது. சைலன்சரை மாற்றியதில் எல்லையோரத் தோப்புகளில் கிளிகள் குறைந்துவிட்டன என்பது என் சொந்தக் கருத்து. பின்னால் ஒரு இறக்கை வேறு. கதிர்வேலின் மனைவி கலாமணி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுல வத்தல் காயப்போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டாள்.

இதெல்லாம் எதற்கு? வேகமாகப் போவதற்காம். வேகமாகப் போவதற்கான வேலைகள் எல்லாம் முடிந்தபிறகு அந்த வண்டியால் எங்கேயுமே போக முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கு மேல் எங்கள் எல்லைப்பக்க மூளை. கேரளாவில் மோட்டார் வாகன இலாகாக்காரர்கள் இந்த மாதிரி சோடனைகளைக் கண்டால் விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வண்டியின் நம்பரோ கேரளா. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆபத்து. கதிர்வேல் என்ன செய்தான்? எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கோபாலபுரம் தாண்டி, மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிறுத்திவிட்டான். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் எல்லை தாண்டிப் போவான். ஸ்போர்ட்ஸ் காரைத் துடைப்பான். ஸ்டார்ட் செய்து மாடுகளை மிரட்டுவான். மறுபடி ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருவான். பால் குறைகிறது என்று மாமனார் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்... மாப்பிள்ளை காதில் ஏறவில்லை.

“அது சரி, வண்டன்மேடும் கேரளாதானே?” என்று நான் கேட்டேன்.

“வழியெல்லாம் தமிழ்நாடுங்க மச்சான். கடைசியில கொஞ்சூண்டுதானுங்க கேரளா.”

அந்தக் கொஞ்சூண்டு எப்படி இருக்கும் என்று அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்த வண்டியில்தான் போவேன் என்று அவன் ஏன் ஒற்றைக்காலில் நின்றான் என்பது எனக்குத் தெரியும். சுகந்தி காதலித்துக் கட்டிக்கொண்டவள். கோபத்தில் வீட்டில் யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. கதிர்வேல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் மாறி, பஸ் மாறிப் போனான். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து சுகந்தியின் மாமியாருக்கு அது கைவசம் உள்ள சரக்கு. பால் பொங்கி வழிந்தாலும் எடுத்துவிடுவார், பஸ் தாமதமானாலும் எடுத்துவிடுவார். “உங்க அண்ணந்தான் எல எடுக்கையில வந்த ஆளாச்சே.”

இந்தத் தடவை சுகந்தி போனில் ஒன்றுதான் சொன்னாள். “அண்ணா, நேரத்துக்கு வந்துருங்க. பத்தரைக்குள்ள நீங்க வரலீன்னா வேற மடி பாத்துக்கறேன்னு அத்தை சொல்லிட்டாங்க.”

வேறு மடி. மாமன் முறையாகும் தன் பக்கத்து ஆள் ஒருவருக்குப் புது வேட்டியே எடுத்து வைத்துவிட்டாராம். தான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தங்கச்சி மகளுக்கு இன்னொருத்தன் தாய்மாமன்... எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும், சொல்லுங்கள்?

நான் கவனித்திருக்கிறேன். ஊரில் யாராவது எதையாவது தேவைக்குமேல் பெரிதாகக் கட்டினால், வாங்கினால், அதற்குப் பின்னால் எப்போதோ ஒருவர் சொன்ன ஒரு சொல் இருக்கும். மூன்று மாடி கட்டிவிட்டுக் கீழே ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறவரைப் பாருங்கள். அவருக்கு வேண்டியது அந்த ஓர் அறைதான். மேலே இருக்கிற ரெண்டு மாடியும் பங்காளிக்காக. கதிர்வேலின் மட்கார்டும் அந்த ரகம்தான். இலை எடுக்கையில் வந்தவன் என்ற பேச்சு அந்த எஞ்சின் சத்தத்தில் அமுங்க வேண்டும் என்று நினைத்தான்.

கலாமணியையும் பிள்ளைகளையும் முந்தின நாளே வாடகைக் காரில் அனுப்பிவிட்டான். நாங்கள் விடிவதற்கு முன் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி... நல்ல ரோட்டில் வண்டி பறந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வழிநெடுக ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறதே? ஒவ்வொன்றுக்கும் கதிர்வேல் நிறுத்துவான். வண்டியைக் கோணலாகத் திருப்புவான். ஒவ்வொரு சக்கரமாக, நண்டு ஏறுகிற மாதிரி ஏற்றுவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை லேசாக்கிக்கொள்வேன். அப்படியும் அடியில் ‘கர்ர்ர்...’ என்னும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவன் முகத்தில் பல் பிடுங்குகிற வேதனை.

வத்தலக்குண்டு தாண்டியதும் ஒரு வேகத்தடையில், புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த ஒருவர் எங்களை முந்தினார். முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, “என்னப்பா, பஞ்சரா?” என்று பரிவோடு விசாரித்தார்.

கம்பத்தில் மலை ஏறினோம். மேலே கம்பம்மெட்டு செக்போஸ்ட். கை காட்டி நிறுத்தினார் ஓர் ஆபீசர். வண்டியைச் சுற்றிவந்தார். குனிந்து அடியில் பார்க்க முயன்றார். அடி என்று ஒன்று இருந்தால்தானே? மட்கார்டைத் தட்டிப் பார்த்தார்.

“எந்தா சேட்டா, வண்டிக்கு நீரு வெச்சதாணோ?”

வண்டி வீங்கிப்போச்சா என்று கேட்கிறார் மனிதர், வெகு நிதானமாக. நான் தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டி, காதுகுத்து, இவர்தான் அம்மாவன் (தாய்மாமன்), பத்தரைக்குள் போயாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மன்றாடினேன். அவர் கம்மலைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். “அம்மாவன் போய்க்கோ. பைன் வீட்டில் வந்தோளும்” என்றார். அபராதம் வீடு தேடி வருமாம். அதுவரை அம்மாவன் கவலைப்படாமல் போகலாம்.

இனி ஒன்றும் இல்லை, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தோம்.

மெயின் ரோட்டிலிருந்து சுகந்தி வீட்டுக்குப் பிரியும் ஏற்றத்தைப் பாதை என்று சொல்கிறவர்கள் ஜீப்காரர்கள் மட்டும்தான். ஒரு பக்கம் மண்மேடு. மறு பக்கம் ஏலச்செடிகள் இறங்கும் சரிவு. நடுவில் சின்னதாக ஒரு கான்கிரீட் தடம். பாதி வழியில் மழைத்தண்ணீர் திரும்புவதற்காகக் குறுக்கே ஒரு திட்டு வைத்திருந்தார்கள். ஜீப்புக்கு அது ஒரு குலுக்கல். எங்களுக்கு? முன் சக்கரங்கள் தாண்டின. அப்புறம் நீளமாக ஒரு ‘கர்ர்ர்...’ கேட்டது. வண்டி திட்டின்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. பின் சக்கரங்கள் சும்மா சுற்றின. மணி பத்து.

மேலே அடுத்த திருப்பத்தில் வீடு. ஷாமியானா தெரிகிறது. பாட்டுக்கூடக் கேட்கிறது.

பின்னால் ஹாரன். ஒரு ஜீப். அதற்குப் பின்னால் இன்னொரு ஜீப். அதற்கும் பின்னால் சமையல் பாத்திரம் ஏற்றிய பிக்கப். பழைய அகலத்தில் கார் இருந்திருந்தால் ஜீப்காரர் மண்மேட்டில் ஒரு பக்கத்தை ஏற்றி ஒதுங்கிப் போயிருப்பார். இப்போது அங்கிட்டும் இடமில்லை, இங்கிட்டும் இடமில்லை. தாழ்த்தியதால் நாங்கள் போக முடியவில்லை. அகலப்படுத்தியதால் யாருமே போக முடியவில்லை. பட்டறைக்காரர் ரெண்டு வேலையையும் சுத்தமாகச் செய்திருந்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். “தூக்கிப்புடலாம்யா. பத்துப் பேரு போதும்” என்றார் ஒருவர். கையை வைத்தார்கள்.

“அங்க புடிக்காதீங்க, பைபருங்க.”

வேறு இடத்தில் வைத்தார்கள்.

“அதும் பைபருங்க.”

“பெறகு எதுதான்யா இரும்பு?”

கதிர்வேல் மட்கார்டிலிருந்து கதவு வரை தட்டிப் பார்த்துக்கொண்டே போனான். (பந்தி முடிந்தபிறகு ஜாக்கி, பலகை, கயிறு, ரெண்டு ஜீப் எல்லாம் சேர்ந்து எடுத்தோம். அதைப் பற்றி விவரமாக எழுதக் கூடாது என்று எனக்குத் தடை.)

அவன் என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினான். “வண்டி கெடக்கட்டுமுங்க மச்சான். நான் ஓடிர்றேன்.” சொல்லும்போது அவன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

ஓடத்தான் போனான். ரெண்டாவது ஜீப்பிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

“மாமன் முன்னாடி போயி என்னப்பா செய்ய? ஊசி எங்கிட்டல்ல இருக்கு.”

காது குத்தும் ஆசாரி. வயசானவர், கனத்த உடம்பு. நடந்து ஏறிவிட முடியுமா என்று கேட்டோம். அவர் ஏற்றத்தை ஒரு தடவை அளந்து பார்த்தார். “ஏறுவேன். ஏறுனா மூச்சு வாங்கும், கை நடுங்கும். காதுன்னு நெனச்சுக் கன்னத்துல குத்திப்புட்டேன்னா என்னயச் சொல்லக் கூடாது.”

அந்த நேரம் பார்த்து கதிர்வேலின் போன். சுகந்தியின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா. “மாமன் வார மாதிரி தெரியலயே. நான் எங்க ஆளை ஒக்கார வைக்கப்போறேன். நேரம் போகுதுல்ல? இந்த ஆசாரியையும் வேற காணோம்.”

கதிர்வேல் கையில் தாம்பாளம் இருந்ததால் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. ஆசாரிதான் போன் பக்கம் குனிந்தார். “நான் மாமன் வண்டிக்குப் பின்னாலதான் இருக்கேன் தாயி. எல்லாருமே அப்படித்தான் இருக்கோம்.”

அந்தப் பக்கம், போனுக்குக் கொஞ்சம் தள்ளி, சுகந்தியின் குரல் கேட்டது. “அப்ப நாம எறங்கிப் போயிரலாங்க அத்தே.”

வந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறுவிறு என்று இறங்கி வந்தாள். அவள் பின்னால் மொத்த வீடும் வந்தது. கலாமணி கையில் ஆரத்தித் தட்டு. புது வேட்டி கட்டிய மாற்றுத் தாய்மாமன்கூடக் குழந்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் நமக்கென்ன வருத்தம்? கடைசியாக, ஏலச்செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சம்பந்தியம்மா.

உட்கார ஏதாவது வேண்டுமே? மணை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. கதிர்வேல் தன் முன் மட்கார்டின்மேலேயே உட்கார்ந்தான். ஸ்டூல் உயரம், தாராளமான அகலம். அத்தனை மாத வேலைக்கு முதல் பிரயோஜனம் அதுதான் என்பேன். பைபர் ‘மடக்’ என்றது. அவன் அசையவில்லை. தங்கச்சி மகளை மடியில் வாங்கி, தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஆசாரி நடுங்காத கையோடு வந்தார். குழந்தை வீறிட்டது. கதிர்வேலின் கண்ணும் வழிந்தது. வியர்வை என்று இப்போது சாதிக்கிறான்.

ரெண்டு காதும் முடிந்தபோது நல்ல நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

சம்பந்தியம்மா மூச்சு வாங்க நின்றார். அவர் வாயெடுப்பதற்குள் சுகந்தி பேசினாள். சத்தம் போடவில்லை. ஆனால் ரெண்டு ஜீப்புக்கும் கேட்டது.

“பாத்துக்குங்க அத்தே. எங்கண்ணன் நேரத்துக்கு வந்துட்டாருங்க. நாமதானுங்க லேட்டு.”

ஜீப்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சம்பந்தியம்மா பேத்தியை வாங்கி, காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“கம்மல்தான் கொஞ்சம் சிறுசு” என்றார்.

எதைக் கொடுத்தாலும் மாற்றித் தருகிறேன் என்கிறாரே, அந்தக் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரரிடம் விசாரித்தேன். சம்பந்தியம்மாக்களை மட்டும் எடுப்பதில்லையாம்.