இருநூறு ரூபாய்ப் பத்திரிகையும் நாலாவது வயலும்

என் வீட்டுக்காரர் பரிதிக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, பீடி சிகரெட்கூட இல்லை. "நீ கொடுத்து வச்சவ எழிலு" என்று மெடிக்கலில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இந்த மனுஷருக்கு 'கட்டம்' இருக்கிறது. அது ஒரு பெண்ணாக இருந்தாலாவது தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். பத்திரிகையை என்ன செய்வது?

'கட்டம்' நாகூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். பலகை விளையாட்டுகளுக்கென்றே நடத்துகிறார்கள். செஸ், தாயம், வெளிநாட்டில் ஆடுகிற புது ஆட்டங்கள் என்று எல்லாவற்றையும் எழுதுவார்கள். நடுப்பக்கத்தில் மடித்துவைத்த அட்டையில் ஒரு புது விளையாட்டு இருக்கும். பிரித்து விரித்தால் நாலு பேர் உட்கார்ந்து ஆடலாம். முதலில் அறுபது ரூபாய் விலை. அப்புறம் தொண்ணூறு ஆனது. இந்த ஆடியில் ஆசிரியர் ஜாஃபர் சாதிக் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தார். அட்டை விலையும் அச்சுக்கூலியும் ஏறிவிட்டதாம், அடுத்த இதழிலிருந்து இருநூறாம். படித்ததும் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"இருநூறு ரூபாய்க்கு என்னங்க இருக்கு அதுல? நாலு தாளும் ஒரு அட்டையும்! வீட்டுல மிக்ஸி மூடி உடைஞ்சு மூணு மாசமாச்சு, அதை வாங்க வழியக் காணும்."

அவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திருவிடைமருதூர்த் தேரடிக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியைச் சுற்றும்போது சுற்றுகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார், பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினம் பக்கம் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியில், வந்தால் வரும், அந்த மாதிரி ஊர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒன்பது வாக்கியம் வந்திருந்தால் அதிகம்.

விலை ஏறியதில் என்னைவிடக் கொதித்தவர் ஹாஜா மைதீன் பாய். எங்கள் தெருமுனையில் ஹார்டுவேர் கடை அவருடையது. துபாயில் இருந்து வந்தவர், ஆணியைக்கூட எண்ணித்தான் கொடுப்பார். ஞாயிறு மதியம் அவர் வீட்டில்தான் என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் கூடி ஆடுவது. "யானை விலை குதிரை விலை சொல்றான் அந்த ஜாஃபரு. நான் நிறுத்தப் போறேன் தம்பி. நான் நிறுத்தினா நம்ம ஊர்ல எல்லாரும் நிறுத்துவாங்க" என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. இங்கே சந்தா கட்டுகிற பத்துப் பதினைந்து பேரும் பாய் சொன்னால் கேட்பவர்கள்.

இதற்கு நடுவில்தான் அந்த ஃபோன் வந்தது. பரிதி இரண்டு வருஷமாக மோட்டார் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கிழித்து ஒரு விளையாட்டு வரைந்துகொண்டிருந்தார். 'கடைமடை' என்று பேர். அதை நாகூருக்கு அனுப்பியிருக்கிறார், எனக்குச் சொல்லவே இல்லை. அடுத்த இதழின் நடுப்பக்கம் அதுதான் என்று ஜாஃபர் ஃபோனில் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார் பாருங்கள், கல்யாண ஃபோட்டோவில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. இது அச்சில் வந்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். மிக்ஸி மூடி கிடக்கட்டும்.

ஆனால் ஜாஃபர் ஒரு கொக்கி போட்டிருந்தார். இருநூறு ரூபாய் இதழ், ஆட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தாலும் வாங்குகிறவன் திட்டுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஆடிப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பாராம்.

ஞாயிறு மதியம் பாய் வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தோம். வழக்கமாக ஆடுகிற ஒருவர் வரவில்லை. ஆள் குறைகிறது என்று என்னை இழுத்து உட்காரவைத்தார்கள். பாயின் மனைவி ஹமீதா பானு அக்கா ரவையில் தம்ரூட் இனிப்பு செய்து வைத்திருந்தார். ஜாஃபர் அதைக் கையால் தொடவில்லை. ஒல்லியான ஆள். வெளிநாட்டில் சம்பாதித்ததையெல்லாம் இந்தப் பத்திரிகையில் போட்டவர். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, "அச்சாபீஸ்லேர்ந்து" என்று முகம் சுளித்தார்.

பலகையில் ஒரே வாய்க்கால், வரிசையாக நாலு வயல், வயலுக்கு ஒரு காய். தண்ணீருக்குப் பதில் சுற்றுக்கு ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டை. மதகை ஒட்டிய முதல் வயல்காரர் வேண்டியதை எடுத்துக்கொண்டு டம்ளரை அடுத்தவரிடம் தரவேண்டும். ஐந்து கொட்டை சேர்ந்தால் பயிர் விளையும், கூடுதலாகச் சேர்ந்தால் இரண்டாம் போகம். சீட்டுக் குலுக்கி இடம் பிரித்தோம். முதல் வயல் பாய்க்கு, இரண்டாவது ஹமீதா அக்காவுக்கு, மூன்றாவது ஜாஃபருக்கு. நாலாவது எனக்கு. பரிதி ஆடவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார்.

பாய் கை கொள்ளாமல் அள்ளினார். "கல்லாப்பெட்டியில கை விடற மாதிரியே விடுறாரு பாரு" என்று அக்கா கேலி செய்துகொண்டே தானும் அள்ளினார். ஜாஃபர் மிச்சத்தைத் துடைத்தார். எனக்கு வெறும் டம்ளர் வந்தது. அடுத்த சுற்றிலும் வெறும் டம்ளர்தான்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று அவரைக் கேட்டேன்.

"காத்திருக்கணும்."

"எது வரைக்கும்?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

மூன்றாவது சுற்றிலும் டம்ளர் காலி. பாய் கையிலிருந்ததைப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இருநூறு ரூபா கொடுத்து வாங்கிட்டு வந்து, நாலு பேர்ல ஒரு ஆளு வேடிக்கை பார்க்கணும்னா அந்த ஆளு காசைத் திருப்பிக் கேப்பாரா, மாட்டாரா?"

"நானா சொல்றது நியாயம்" என்றார் ஜாஃபர். நாகூர்க்காரர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பரிதி, ஆட்டம் நல்லாருக்கு. ஆனா நாலாவது ஆளுக்கு வேலையே இல்ல. இதை இப்படியே போட்டேன்னா இந்த இதழோட கடையைச் சாத்த வேண்டியதுதான். என்கிட்ட 'புதையல் வேட்டை'ன்னு ஒண்ணு தயாரா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள எதுன்னு அச்சாபீஸுக்குச் சொல்லியாகணும்."

பரிதியின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு வருஷம் இந்த மனுஷர் குனிந்து குனிந்து வரைந்தது இப்படியா போகவேண்டும்? அதோடு மூன்று சுற்றாக வெறும் டம்ளரைப் பார்த்த எரிச்சல் வேறு. வாய் சும்மா இருக்குமா?

"எங்கப்பா ஊரும் பூம்புகார் பக்கம் கடைமடைதான். தண்ணி வரலன்னா சும்மாவா குந்தியிருப்பாங்க? கரையோட மேல நடந்து போவாங்க. மதகுகிட்ட ஒரு ஆளு உட்கார்ந்துடும். நம்ம முறை முடியற வரைக்கும் எந்திரிக்காது." சொல்லிக்கொண்டே என் காயைத் தூக்கினேன். மூன்றாவது வயலைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, பாயின் மதகில் கொண்டுபோய் நச்சென்று வைத்தேன். "இப்ப அள்ளுங்க பார்ப்போம் பாய்!"

அக்கா கைதட்டிச் சிரித்தார். ஜாஃபர் முட்டி போட்டு எழுந்தே விட்டார். "இதுதாங்க! இதேதான்! நாலாவது ஆளு ஒரு சுற்றை விட்டுக்கொடுத்துட்டு மேல நடக்கலாம். மதகுல அவரு காய் இருந்தா யாரும் அஞ்சுக்கு மேல எடுக்கக் கூடாது. பரிதி, இந்த ஒரு விதியைச் சேருங்க, இன்னிக்கே அச்சுக்கு அனுப்பிடறேன்."

"வேண்டாம்" என்றார் பரிதி.

குனிந்து என் காயை மதகிலிருந்து எடுத்து நாலாவது வயலில் திரும்ப வைத்தார். "அந்த விதி வேண்டாம் சார். நீங்க புதையல் வேட்டையே போட்டுக்குங்க."

சொல்லிவிட்டுப் பலகையின் ஓரத்தைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தார். புளியங்கொட்டைகள் கோரைப்பாயெல்லாம் உருண்டன. எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? ரெண்டு வருஷம் பேய் மாதிரி உட்கார்ந்து வரைஞ்சீங்களே, கையில வந்து விழற நேரத்துல வேண்டாம்பீங்களா? நடந்து போறதுல என்ன குத்தம்? ஊர் உலகத்துல நடக்காததா?"

"நடந்து போனா அடிப்பாங்க" என்றார்.

அவர் பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அப்ப நான் சின்னப் பையன், எங்க ஊருக்குத் தண்ணி முறை வந்திருந்துச்சு. எங்க முறையிலேயும் மேல உள்ளவங்க மதகைத் திறந்து விட்டுக்கிட்டாங்க. எங்க நாத்து காயுது. அப்பா நடந்து போனாரு, நானும் கூடப் போனேன். மதகுகிட்ட உட்கார்ந்து, இது எங்க முறைங்கன்னு கும்பிட்டுத்தான் சொன்னாரு. கூலிக்கு வந்தவன் பிள்ளைக்கு முறை ஒரு கேடான்னு கேட்டுக்கிட்டே மதகுப் பலகையை உருவி அடிச்சாங்க. கையைத் தூக்கித் தடுத்தாரு. அதுலதான் கை போச்சு."

என் மாமனாருக்கு இடது கை முழங்கையில் மடங்காது. மாட்டுவண்டி கவிழ்ந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருஷமாக நானும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

"நான் மறந்துட்டு அந்த விதியை விடல சார்" என்றார் அவர். "வேணும்னுதான் விட்டேன்."

ஜாஃபரின் ஃபோன் மறுபடி அடித்தது. அதை அமர்த்திவிட்டு, "நீங்க வேண்டாம்னா வேண்டாம் பரிதி. உங்க ஆட்டம் இது" என்று மட்டும் சொன்னார்.

ஹமீதா அக்காதான் வாயைத் திறந்தார். "அது சரி தம்பி. அப்ப இந்த நாலாவது ஆளு காலம் பூரா இப்படியே உட்கார்ந்திருக்கணுமா? அட்டையிலகூடவா?"

பரிதி அந்தப் பாதி மடிந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஃபர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக் கிளம்பத் தயாரானார். நான் என் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன், இனி நான் ஒரு சொல் சொன்னாலும் கெட்டுப்போகும் என்று பயம். பாய் குனிந்து சிதறிய கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டம்ளரில் போட்டார்.

"தள்ளி உட்காரு எழிலு" என்றார் பரிதி.

நான் நகர்ந்தேன். பலகையை விரித்து, கையால் நீவிவிட்டு, நாலாவது வயலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அந்த ஆட்டத்தைக் கடைக்கு வந்த எத்தனையோ பேரை ஆடவைத்துப் பார்த்தவர். தானே உட்கார்ந்து ஆடி நான் பார்த்ததில்லை.

முதல் சுற்று ஓடியது. அவருக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது சுற்றில் டம்ளர் பாயின் முன்னால் இருக்கும்போது, அவர் தன் காயில் விரலை வைத்தார். தூக்கவில்லை, வாய்க்கால் கோட்டின் மேலேயே தள்ளினார். மூன்றாவது வயலருகே நின்றது. மறுபடி தள்ளினார். இரண்டாவது வயல். மதகு வந்ததும் நிறுத்தினார். காயின் மேலிருந்த விரலை மட்டும் எடுக்கவே இல்லை.

விரலை எடுத்தால்தான் ஆட்டம் நகரும். பாய் இரண்டு கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கையை எடுங்க தம்பி" என்றார் மெதுவாக. "இங்க யாரும் ஒண்ணும் செய்ய மாட்டோம்."

பரிதி விரலை எடுத்தார்.

பாய் ஐந்து கொட்டையை எண்ணி எடுத்துக்கொண்டு டம்ளரை நகர்த்தினார். ஹமீதா அக்காவும் ஐந்துதான் எடுத்தார். ஜாஃபர் ஒரு கையால் தன் பங்கை எடுத்துக்கொண்டே இன்னொரு கையில் ஃபோனைக் காதில் வைத்து, "புதையல் வேட்டையை எடுத்துடுங்க. நடுப்பக்கம் 'கடைமடை'. ஒரு விதி புதுசா வருது, எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை நாலாவது வயலுக்குத் தள்ளினார்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். எண்ணவில்லை, வயலில் கொட்டவும் இல்லை. உள்ளே கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வந்திருச்சு எழிலு" என்றார்.