சைகோன் அக்காவின் தலைவலி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், சைகோனிலிருந்து வந்த கப்பலில் ஒரு கர்ப்பிணி புதுச்சேரியில் வந்து இறங்கினாள். அந்த நாட்டுக்காரி.
2. அவள் கணவன் நம் ஊர்க்காரன். சண்டை நடந்த ஊரில் அவளை வைத்திருக்கப் பயந்து முன்னால் அனுப்பிவிட்டு, அடுத்த கப்பலில் வருவதாக இருந்தான்.
3. அவன் இறந்துவிட்டதாகப் பெரியப்பாவுக்குத் தந்தி வந்தது.
4. பிரசவம் ஆகும்வரை அவளிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் தெரு முடிவு செய்தது.
5. அதே வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
6. மறுநாள் அவளுக்குத் தலைவலி வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அரியாங்குப்பத்தில் இருந்த அவள் கணவன் வீட்டார், “யாரக் கேட்டுக் கட்டுனான்?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவனோடு இருந்தவர். அவர் அவளை எங்கள் ஊரான சாரத்துக்கு அழைத்துவந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் தங்கவைத்தார். அம்மா வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டுக்கு முறை வைத்தாள். திங்கள் எங்கள் வீடு, செவ்வாய் தையல்காரர் வீடு, வெள்ளி எண்ணெய்க்கடை வீடு. தூக்குவாளியைக் கொண்டுபோவது என் வேலை. மீன் குழம்பு உள்ள நாளில் மட்டும் வாளி காலியாகத் திரும்புவதை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். அதன் பிறகு வாரத்தில் நான்கு நாள் மீன்.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. வாளியை வாங்கும்போதெல்லாம் என்னிடம், “கப்பல்?” என்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

கடிதத்தின் மேல் சைகோன் தபால்தலை. பெரியப்பா புரட்டிப் பார்த்தார். “அக்கா தங்கச்சி யாராவது எழுதியிருப்பா. கொண்டுபோய்க் குடு, சந்தோஷப்படட்டும்” என்றார். அவர்கள் மொழியிலும் சாவை எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா பார்த்ததும், “உஷ்ணம். நம்மூரு வெயிலு ஒத்துக்கல” என்று சுக்கை இழைக்க உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டோடு சுக்குப் பற்றும் போயிற்று. துணியைச் சற்று மேலே தள்ளி நெற்றியில் தடவுவேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். சுக்கு எரிகிறது என்று நினைத்து நான் வாயால் ஊதிவிடுவேன். தலைவலி மூன்று வாரமாகியும் விடவில்லை. “கப்பல்?” என்று கேட்பது மட்டும் நின்றுபோயிற்று.

“கேக்கறத விட்டுட்டா. அதுவரைக்கும் நல்லது” என்றாள் அம்மா.

ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்க ஏற்பாடாயிற்று. தையல்காரர் மனைவி தயங்கினாள். “புருஷன் போனவளுக்கு வளையலாக்கா?”

“அவளுக்குத் தெரியாத வரைக்கும் அவ சுமங்கலிதான்டி. நீ வாய்க்குப் பூட்டுப் போட்டுக்க.”

தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், பாடினார்கள். நலங்கு வைக்க அம்மா அந்தத் துணியை அவிழ்த்தபோது அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள். “பெத்த அம்மா நெனப்பு வந்துடுச்சு பாவம்” என்றாள் அம்மா. சந்தனம், குங்குமம், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். நான் எண்ணினேன், கைக்குப் பதினொன்று. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் பெரியப்பா வாசற்படியில் நின்று பிரெஞ்சில் சொன்னார். மயங்கி விழுந்தால் தாங்கிக்கொள்ள நான்கு பெண்கள் பக்கத்தில் தயாராக இருந்தார்கள். அவள் விழவில்லை. தலையை ஆட்டினாள். வளையல்களை ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“கல்லு மாதிரி நிக்கறா பாத்தியா? ஒரு சொட்டுக் கண்ணீரு வருதா?” என்றாள் தையல்காரர் மனைவி.

“நாமதான் பைத்தியக்காரிங்க மாதிரி வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தோம்” என்றாள் அம்மா. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. முதலில் செவ்வாய்க்கிழமை வாளி நின்றது, பிறகு வெள்ளிக்கிழமை. கடைசியில் எங்கள் வீட்டுச் சோறு மட்டும் போயிற்று, அதுவும் பேச்சில்லாமல். எனக்கு வேலை குறைந்தது. அந்த நேரத்தில் நான் பாண்டி ஆடினேன். குழந்தைக்கு நான்காம் மாதம் அவள் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினாள். வழியனுப்பப் பெரியப்பா மட்டும் போனார்.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் சவக்கிடங்கு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணி. “தலைவலியா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, அப்பா போயிட்டாரு. எங்கம்மா சைகோன்காரங்க. அவங்க பக்கம் சாவுக்கு இதான் கட்டுவோம்.”

கடிதத்தைக் கொடுத்தவள் நான். கண்ணீரைத் தினமும் பார்த்தவளும் நான் ஒருத்திதான். “அக்கா தினம் அழுவுறாங்க” என்று அன்று நான் சொல்லியிருந்தால் தெரு அவளைக் கல் என்று சொல்லியிருக்காது. சொல்லக்கூடிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. எங்கள் கருணை கெட்டுவிடாமல் அவள்தான் எங்களிடம் மறைத்தாள் என்பதும் தெரியவில்லை.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “அவ இருக்கற எடம் தெரிஞ்சா ஒரு லெட்டர் போடலாமா?” என்று கேட்டாள்.

பெரியப்பா இறந்துவிட்டார். அவர் பெட்டியில் அவள் விலாசம் இல்லை. அவள் முழுப் பெயரும் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்ததை வைத்து பிரான்ஸில் இரண்டு அலுவலகங்களுக்கு எழுதியிருக்கிறேன். இன்றுவரை பதில் வரவில்லை.