கேவலார் போகும் பஸ்ஸில் அம்மா சொன்ன சாட்சி

போன வருடம் சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் வாய்க்குப் போகும், நகம் கடிக்க. நூலகத்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு மாறினார்கள். இரண்டு பக்கம் வாசிப்பேன், தண்ணீர் குடிக்க எழும்புவேன், அப்படியே வெளியில் இறங்கி மாஷ்சே ஏரியைச் சுற்றி நடப்பேன். நடந்துவிட்டு வந்தால் வாசித்தது ஒன்றும் நினைவில் இருக்காது. அந்த நாட்களில் நான் நன்றாகச் செபித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஆண்டவர் கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெனிற்றா. ஜேர்மனியில், ஹனோவரில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் இலங்கையில் மன்னார். பல்கலைக்கழகத்தில் நவீன வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் மத்தியில் இந்தப் பாடத்துக்கு இருக்கும் மதிப்பை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறந்தநாள் விழாக்களில் என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். வரலாறு என்றால், அது சரி, வேலைக்கு என்ன படிக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். மருத்துவம் படிக்கிற பிள்ளையின் தட்டில் இரண்டு ரோல்ஸ் விழும், என் தட்டில் ஒன்று.

இதையெல்லாம் நான் சிரித்துத் தள்ளிவிடுவேன். ஆனால் இளமாணிப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையை முதல் தடவை எழுதிக் கொடுத்தபோது அது தேறவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் எழுதியதையே திருப்பி எழுதியிருக்கிறாய், உன்னுடைய தேடல் எங்கே என்று பேராசிரியை கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டுரையை இரண்டு தடவைதான் எழுதலாம். இரண்டாம் தடவையும் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. வேறு நகரத்துக்குப் போய் அதே பாடத்தைத் தொடரவும் விடமாட்டார்கள். இத்தனை வருடம் படித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

இரண்டாம் தடவைக்கு நான் எடுத்த தலைப்பு, எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்குக்கு வந்த எங்கள் அகதிகள். நகரம் அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிழக்கில் விமானத்தால் இறங்கி, எல்லை நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கே போய்விடலாம். மேற்குப் பக்கத்தில் மறித்துக் கேட்க ஆளில்லை. நிறையப் பேர் அப்படி வந்தார்கள். என் அம்மாவும் அப்படி வந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் பிறகு அம்மாவைக் கல்யாணம் முடித்து, முறையான விசாவோடு, கோட்டும் சூட்டும் போட்டு வந்து இறங்கியவர்.

பேர்லினுக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் இருந்து தேடினேன். தமிழரைப் பற்றி அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதியது கட்டுக்கட்டாக இருந்தது. தமிழர் ஒருவர் வாய் திறந்து சொன்னது ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்களிடம் நேரே கேட்போம் என்று முடிவெடுத்தேன். வகுப்பில் படித்தபடி கேள்விகளை ஒழுங்காக எழுதிக்கொண்டேன். பெயர், பிறந்த திகதி, எப்போது வெளிக்கிட்டீர்கள், யாரோடு, எந்த வழியால், எத்தனை மணிக்கு எல்லையைக் கடந்தீர்கள். எழுதி முடித்தபோது எனக்கே ஒரு பெருமை.

முதலில் றெஜி அண்ணையிடம் போனேன். அம்மாவின் வயதுக்காரர்தான், ஆனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணை. எங்கள் செபக் குழுவை நடத்துபவர். வருடா வருடம் கேவலார் மாதா திருத்தலத்துக்கு வாடகை பஸ் பிடிப்பவரும் அவர்தான். கதைக்கத் தொடங்கினால் பூசைக்கு மணி அடித்தால்தான் நிறுத்துவார். அப்படிப்பட்ட மனிதர், என் றெக்கோடரில் சிவப்பு வெளிச்சம் வந்ததும், எல்லாம் ஆண்டவர் கிருபையால் நல்லபடி நடந்தது என்றார். பிறகு என்ன கேட்டாலும் அதே பதில். இன்னொரு அக்கா தேத்தண்ணியும் பற்றீசும் தந்து, அடுத்த கிழமை வா என்றார். அடுத்த கிழமை போனால் கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

கடைசியில் அம்மாவைப் பிடித்தேன். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அன்று சனிக்கிழமை, லீவு. குசினி மேசையில் இருத்திவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன். அம்மா நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்தார். அவர் அப்படி இருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எந்த மாதம் வெளிக்கிட்டீர்கள் என்றேன். ஞாபகம் இல்லை என்றார். எல்லைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்றேன். தெரியாது என்றார். காலையா பின்னேரமா, அதாவது தெரியுமா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

“ஏலாது பிள்ளை. இதை நிப்பாட்டு.”

எழும்பிப் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். வெங்காயத்துக்கு அங்கே ஒரு தேவையும் இல்லை, கறியெல்லாம் காலையிலேயே வைத்தாயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைக்கே சொல்லமாட்டார் என்றால் வேறு யார் எனக்குச் சொல்லப் போகிறார்கள்? அன்றிலிருந்து செபமாலையையும் நடந்துகொண்டேதான் சொன்னேன். ஒரு மணியை முடிக்க முன்னம் அடுத்ததுக்குத் தாவினேன். மாதாவே, ஒருத்தர், ஒரே ஒருத்தர் எனக்கு வாய் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் முடிந்தேன் என்று கேட்டேன். அது மன்றாட்டு மாதிரி இல்லை, கடைக்காரரோடு சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. பதில் வரவில்லை. ஆடி மாதம் ஒரு பல் வைத்தியரிடம் போய், தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுப்பீர்களா என்றுகூட விசாரித்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஆவணி வந்தது. கட்டுரை கொடுக்கிற நாள் நெருங்கிவிட்டது, கையில் ஒன்றும் இல்லை. கேவலாருக்கு நான் வரவில்லை என்றேன். அம்மா எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டார். மறுத்தால் வீட்டில் சண்டை, ஆகவே ஏறினேன். டோர்ட்முண்ட் தாண்ட முன்னம் எங்கோ முன்னால் விபத்து, பஸ் அசையாமல் நின்றுவிட்டது. வீட்டிலேயே இருப்புக்கொள்ளாதவளை, ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நடைபாதை நிறையச் சாப்பாட்டுப் பெட்டி என்று அடைத்து வைத்தால் எப்படி இருக்கும்? கதவைத் திறந்து இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது.

செபமாலை முடிந்தது. பாட்டும் முடிந்தது. றெஜி அண்ணை மைக்கை எடுத்து, சும்மா நிற்கிற நேரத்தில் யாராவது சாட்சி சொல்லுங்கோ என்றார். ஒருவர் தன் நீரிழிவு வருத்தம் குறைந்ததைச் சொன்னார். ஒரு தம்பி நாலாவது தடவையில் காரோட்டும் சோதனை தேறியதைச் சொன்னான். எல்லாரும் கை தட்டினோம். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் தட்டினார்.

அப்போது அம்மா மைக்குக்குக் கை நீட்டினார். எத்தனையோ வருடமாக இந்த பஸ்ஸில் போகிறார், ஒருநாளும் மைக்கைத் தொட்டதில்லை. மாதாவுக்கு ஒரு நன்றி சொல்லாமல் கனகாலமாக வைத்திருக்கிறேன் என்று தொடங்கினார்.

அம்மாவுக்கு அப்போது இருபது வயது. தனியாக வந்திருக்கிறார். எல்லை நிலையத்தில் சீருடைக்காரரைக் கடந்து ரயிலில் ஏறிவிட்டார். மேற்கில் இறங்கு என்று, காசு வாங்கி ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மேற்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்லவில்லை. வெளியே எல்லா நிலையமும் அம்மாவுக்கு ஒரே மாதிரி. பிழையான பக்கத்தில் இறங்கிவிட்டால் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், செபமாலையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கடைசித் தரிப்புவரை போயிருக்கிறார். ரயில் அப்படியே திரும்பியது. பார்த்தால் மறுபடி அதே எல்லை நிலையம், அதே சீருடைகள். காலையில் ஏறியவர், ரயில் மறுபடி மேற்கே வெளிக்கிட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு எழும்பவே பயம்.

இந்தத் தடவை எதிரில் ஒரு துருக்கிப் பெண் வந்து இருந்தாராம், தலையைச் சுற்றித் துணி கட்டியபடி. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த செபமாலையைப் பார்த்தார். ஒரு நிலையம் வந்ததும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனார். சூடாகக் குடிக்க ஏதோ வாங்கிக் கொடுத்தார். அகதியாகப் பதிய, பொலிஸ் நிலைய வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வழியில் போய்விட்டார்.

“அவ முஸ்லிம் பொம்பிளை. ஆனா அண்டைக்கு எனக்கு வந்த மாதா அவதான்.”

ஆமென் சொல்ல வேண்டிய றெஜி அண்ணை அதை மறந்துபோய் நின்றார். பிறகு அம்மா மற்றதையும் சொன்னார். அகதி விசாரணையில், மேற்கே எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா முதலில் காலை என்றார், பிறகு பின்னேரம் என்றார். விசாரித்த அதிகாரி, இந்தப் பெண் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று எழுதிவிட்டார். மனு தள்ளுபடி. அதற்குப் பிறகு பல வருடம், எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்று பயந்துகொண்டே அம்மா இந்த நாட்டில் இருந்திருக்கிறார்.

“நான் பொய் சொல்லேல்லை. நான் ரெண்டு தரம் வந்தனான்.”

அதைச் சொல்லும்போது அம்மா பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பெயர், பிறந்த திகதி, எந்த வழியால், எத்தனை மணிக்கு. நான் எழுதி வைத்திருந்தவை அந்த அதிகாரியின் கேள்விகள், அதே ஒழுங்கில். குசினி மேசையில் அம்மா எனக்குப் பதில் சொல்லவில்லை, அந்த அதிகாரிக்குத்தான் சொல்லியிருக்கிறார். றெஜி அண்ணையும் அப்படித்தான், கதவைத் திறக்காத அக்காவும் அப்படித்தான். விசாரித்தால் இவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நன்றி சொல்லக் கூப்பிட்டால் சொல்வார்கள். ஒருத்தர் வாய் திறக்க வேண்டும் என்று மாதாவிடம் சண்டை பிடித்தேனே, அவர் என் அம்மாவையே எழுப்பிவிட்டார். நான் எல்லாருக்கும் முன்னால் அழுதேன். அதற்குப் பிறகு மனம் அமைதியானது என்று எழுத ஆசைதான், ஆனால் கேவலார் வரும்வரை என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மைக்கைக் கொடுத்துவிட்டு அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு கட்லட் தந்தார். றெக்கோட் பண்ணினாயா என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். உண்மையில் எனக்கு அந்த எண்ணமே வரவில்லை.

“பின்னை என்னத்துக்குப் பல்கலைக்கழகம் போறாய்? சரி, வீட்டை போய் திருப்பிச் சொல்லுறன். ஆனா நீ கேள்வி கேக்கக் கூடாது.”

கேவலாரில் மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் றெஜி அண்ணை தானாகவே என்னிடம் வந்தார். அம்மா சொன்ன மாதிரித் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்றார். நின்ற நிலையிலேயே தொடங்கிவிட்டார், நான்தான் அவரை ஒரு வாங்கில் இருத்தினேன். ஹனோவர் திரும்பிய பிறகு இன்னும் சிலர் கூப்பிட்டார்கள், பற்றீஸ் தந்த அக்காவும் கூப்பிட்டார். என் கேள்விகளைக் கிழித்துப் போட்டேன். எல்லா வீட்டிலும் முதலில் சேர்ந்து செபித்தோம். பிறகு, எதற்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விசாரணையில் வாய் திறக்காதவர்கள் சாட்சியாக ஏன் சொல்கிறார்கள் என்பதே என் கட்டுரை ஆனது. அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் முடிவு வந்தது. நல்ல புள்ளியோடு தேறியிருந்தேன். ஆட்களை எப்படிக் கதைக்க வைத்தாய் என்று பேராசிரியை கேட்டார். செபித்தோம் என்றேன். அவர் செபிக்கிறவர் இல்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. இப்போது முதுமாணி படிக்கிறேன். பிறந்தநாள் விழாக்களில் இன்னும் ஒரு ரோல்ஸ்தான்.

முடிவு வந்த அன்று பின்னேரம், தன்னைப் பற்றி நான் எழுதிய இடத்தை வாசித்துக் காட்டும்படி அம்மா சொன்னார். ஜேர்மன் மொழியில் எழுதியதைத் தமிழில் சொன்னேன்: இவர் மேற்கு பேர்லினுக்குள் இரண்டு தடவை வந்தார், அவர் சொன்ன இரண்டு நேரங்களும் சரியானவை. அம்மா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பேராசிரியை இதை நம்பினாரா என்று கேட்டார். ஓம் அம்மா, நம்பினவ என்றேன். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட வா என்றார்.

இதை வாசிக்கிற அம்மாமாரே, அப்பாமாரே, அண்ணை அக்காமாரே, நான் படிப்புக்காக மட்டும் கேட்டேன். மாதா எனக்கு என் அம்மாவைத் தந்தார். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியாது. எங்கள் வீடுகளில் யாரும் நம்பமாட்டார்கள் என்று பூட்டி வைத்த கதைகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அதை ஆண்டவரிடம் சொல்லுங்கோ. எந்த மாதம், எத்தனை மணி என்று அவர் கேட்கமாட்டார். நடந்தபடி சொன்னாலும், கோபத்தோடு சொன்னாலும், பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் கேட்பார். பிறகு ஒருநாள், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, அதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கோ. நாங்கள் நம்புவோம்.