மாலை போட்ட படத்தின் கீழே

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுச் சுவர்கள் வியர்க்கத் தொடங்கும். பள்ளிக்கூடம் விட்டு நனைந்தபடி வந்து சுவரில் முதுகைச் சாய்த்தால், ஈரச் சுண்ணாம்பு சட்டையில் வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஒல்லாந்தர் காலத்து வீடு என்று சொல்வார்கள், உண்மையோ தெரியாது. திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் போகும் வழியில், தடித்த சுவர்களும் எட்டாத உயரத்தில் கூரையும் கூரைக்குள் வௌவால்களும் ஒருபோதும் முழுதாய்த் திறபடாத ஜன்னல்களுமாக அது நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் ஒன்றை அப்பா வாடகைக்குப் பிடித்தார் என்பதுதான் அதன் முழு வரலாறு. பேய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ஆனாலும் நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த இங்கிலிஸ் ரீச்சர் ஒரு பயங்கரக் கதையைப் படிப்பித்தார். கதையின் பெயர் மறந்துவிட்டது. ஒரு பழைய மாளிகை, ஓயாத மழை, எப்போதும் சாத்திக் கிடக்கும் ஓர் அறை, அறைக்குள் ஒரு பெண், கடைசியில், செத்துப்போனான் என்று ஊரே நம்பியிருந்த அவளுடைய கணவன் வந்து கதவைத் தட்டுகிறான். இப்படியான கதைகளுக்கு இன்னின்ன சாமான்கள் வேண்டும் என்று சொல்லி ரீச்சர் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் எல்லாரும் பயந்தும் பயப்படாமலும் சிரித்துக்கொண்டு கொப்பியில் பார்த்தெழுத, எனக்கு மட்டும் இந்த மனுஷி எப்போது எங்கள் வீட்டுக்கு வந்துபோனார் என்ற யோசனைதான் வந்தது.

எங்களோடு பெரியம்மா இருந்தார், அம்மாவின் மூத்த அக்கா. பெயர் பாக்கியம். அவருடைய கணவர், என்னுடைய பெரியப்பா, கடற்படையின் கப்பல் பட்டறையான "டொக்யாட்"டில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக வேலை செய்தவர். கடற்படை போனதோடு வேலையும் போக, தேயிலை ஏற்ற வந்த ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் சேர்ந்து, நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கடலேறிப் போய்விட்டார். ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பிறகு, கப்பல் ஏஜென்சியில் வேலை செய்த ஒருவர் வந்து, அந்தக் கப்பல் எங்கேயோ கடலில் மூழ்கித் தாண்டுபோனது என்றும் ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை என்றும் சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போனார்.

அதன்பின் பெரியம்மா பொட்டோடும் தாலியோடும் காத்திருந்தார். அவர் பாட்டுக்குக் காத்திருந்திருப்பார், சித்தியின் கலியாணப் பேச்சு வராமல் இருந்திருந்தால். சித்தி கடைக்குட்டி, பெரியம்மா வளர்த்த பிள்ளை. தம்பலகாமத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், மூத்தவ ஆரத்தி எடுக்கலாமோ, எடுக்கக்கூடாதோ என்று நேராகவே கேட்டார்கள். பெரியம்மா சுமங்கலியோ விதவையோ என்பதுதான் அந்தக் கேள்வி. அப்பா ஐயரிடம் போனார். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் ஓர் ஆளைச் செய்து தகனம் பண்ணலாம் என்று ஐயர் வழி சொன்னார்.

பெரியம்மா மாட்டேன் என்றார். "ஆளைக் காணாம நான் எப்பிடி அழுறது?" என்று கேட்டாராம். எல்லாரும் சுற்றியிருந்து கதைத்துக் கதைத்துக் கடைசியில் சம்மதிக்க வைத்தார்கள். புல்லாலே செய்த பெரியப்பாவைக் கொளுத்தினார்கள், பெரியம்மாவின் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள், முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தார்கள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் அது. தாய் செத்துவிட்டாள் என்று யாரோ சொன்ன பொய்யை நம்பிச் செய்தான் என்றும் ஒரு கதை உண்டு. அன்றைக்கு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. பெரியப்பாவின் படம் பெரிதாக்கப்பட்டு, மாலை போடப்பட்டு, நடு அறையில் ஏறியது. சித்தியின் கலியாணம் நல்லபடியாக நடந்தது. பெரியம்மா குசினிக்குள் அடுப்போடு இருந்தார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதத்துப் பகலில், கொட்டுகிற மழைக்குள் குடையோடு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தது நான்தான். படத்தில் இருந்தவர் மெலிந்தவர், சுருட்டைத் தலை. இவரோ தொந்தியும் வழுக்கையுமாக நின்றார். ஆளை மட்டுக்கட்ட முடியாமல் நான் உள்ளே கூப்பிட, தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மா கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு எழுந்து வந்தார்.

"ஆர் வேணும்?"

"பாக்கியம், நான்தான்."

பெரியம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கத்தவில்லை, மயங்கி விழவில்லை. "உங்களுக்குக் கிரியை செய்தாச்சு" என்றார், கடை பூட்டியாச்சு என்று சொல்வதுபோல. பிறகு திரும்பித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாதான் தவித்துப்போனார். கிரியை செய்த ஆளை வாசல்படி தாண்ட விடலாமோ என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நிலையில் சாய்ந்து அழுதார். அப்பா வந்து, ஏன் ஒரு சொல் அறிவிக்கவில்லை என்று கேட்டதற்கு, அந்தக் கப்பல் தாழுமுன்பே தான் வேறு கப்பலுக்கு மாறிவிட்டதாகவும், "எழுதுவம் எழுதுவம் எண்டு இருந்து நாள் போயிட்டுது" என்றும் பெரியப்பா சொன்னார். அவ்வளவுதான் காரணம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பத்தவில்லை; கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு எப்படிப் பத்தியிருக்கும்?

ஐயர் வந்தார். செத்தவனாய்க் கணக்கு முடித்த ஆளை அப்படியே வீட்டுக்குள் எடுக்க ஏலாது, அவர் திரும்பப் பிறக்கவேண்டும், பிறந்து பெயர் வைத்து, பிறகு தன் பெண்சாதிக்கே மறுபடி தாலி கட்டவேண்டும் என்றார். தான் ஒருநாளும் செய்து வைத்ததில்லை, தகப்பன் சொல்லக் கேட்டதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்படியே ஒரு நாள் காலையில் பெரியப்பாவை நெய் பூசி முழுக வார்த்து, வெள்ளைத் துணியால் சுற்றி, பக்கத்து அறையில் பாயில் முழங்காலை மடக்கிக் குறண்டிப் படுக்க வைத்தார்கள். ஐம்பது வயதுத் தொந்தி மனிதர் பிள்ளைபோலக் கிடந்ததைக் கதவிடுக்கால் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. ஐயர் குனிந்து காதில் பெயரைச் சொன்னதும் அவர் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். என் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "பிறந்த பிள்ளை அழத்தானே வேணும்" என்று ஐயர் சமாளித்தார்.

பிறந்தாயிற்று. தாலிதான் மிச்சம். அதற்கும் நாள் பார்த்து, மஞ்சள் கயிறும் கூறைச் சேலையும் வாங்கி வைத்துக்கொண்டு அப்பா பெரியம்மாவின் அறை வாசலில் போய் நின்றார். பெரியம்மா கதவைத் திறந்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் மாட்டன் எண்டனான். அழு அழு எண்டு நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னை அழப்பண்ணினனீங்கள். நான் அழுது முடிச்சிட்டன். இனிக் கூறை உடுக்க என்னால ஏலாது."

அப்பா அந்தச் சேலையை அலுமாரியில் கொண்டுபோய் வைத்தார். அது அங்கேயே மடிப்புக் கலையாமல் கிடந்தது.

போகச் சொல்லவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பெரியப்பா பக்கத்து அறையிலேயே தங்கிவிட்டார். பெரியம்மா சமைப்பார், சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் வைப்பார், "சாப்பாடு வைச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பகலெல்லாம் பெரியப்பா நடு அறையில் கதிரையில் இருப்பார், நேரே தலைக்குமேல் மாலை போட்ட அவருடைய படம். அதைக் கழற்ற எங்களில் எவருக்கும் துணிவில்லை. கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வாசலில் நின்று படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்தாளுக்கும்மா மீன்?" என்று கேட்டது எங்கள் தெருவில் கொஞ்சக் காலம் பகிடியாக ஓடியது.

ஆவணியில் பெரியப்பாவின் திதி வரும். சாவுச் செய்தி வந்த நாளைத் திதியாக வைத்திருந்தார்கள். பெரியம்மா விடிய எழுந்து முழுகி, விரதம் இருந்து, பூசணிக்காயும் வாழைக்காயும் வடையும் பாயசமுமாகச் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டு வருவார். அதுவரைக்கும் பெரியப்பா கதிரையில் அசையாமல் காத்திருப்பார். பிறகு பெரியம்மா அதே இலையைத் தூக்கி அவர் முன்னால் வைப்பார், அவரும் சாப்பிடுவார். முதல் வருஷம் பார்க்க எங்களுக்கு என்னவோ செய்தது. அடுத்த வருஷம் அதுவும் பழகிவிட்டது. ஒருமுறை, "வாழைக்காய்க் கறிக்கு உப்பு கொஞ்சம் கூட" என்றார் பெரியப்பா.

"அவருக்கு அப்பிடித்தான் பிடிக்கும்" என்றார் பெரியம்மா.

இந்த வீட்டிலிருந்துதான் நான் அந்த இங்கிலிஸ் வகுப்புக்குப் போனேன். கதையின் முடிவில் கணவனைக் கண்ட பெண் அலறி விழுந்து சாகிறாள். ஆருக்கெல்லாம் பயம் வந்தது என்று ரீச்சர் கேட்க, வகுப்பு முழுதும் கை உயர்த்தியது. நான் உயர்த்தவில்லை.

"உமக்குப் பயம் வரேல்லையோ?"

"இல்லை மிஸ். அவ ஏன் கத்தவேணும்? ஆர் வேணும் எண்டு கேட்டிருக்கலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை, என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பிடிக் கேட்டா அதோட கதை முடிஞ்சிடும், பிள்ளை" என்றார். முடியாது மிஸ், அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நாளும் சமைக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. உண்மையில் எனக்குப் பயமும் இல்லை, கவலையும் இல்லை. அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம், விறைத்துப்போன கையைப்போல.

நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது பெரியப்பா இரண்டாம் முறையாகச் செத்தார். சாதாரணக் காய்ச்சல்தான். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் தாலி கழற்றவென்று பெரியம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியம்மா அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. அப்பா கொள்ளி வைத்துவிட்டு வந்தார். எனக்கும் அழுகை வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து ஐயர் புறப்படும்போது பெரியம்மா வாசலுக்கு வந்தார்.

"ஐயா, இவருக்கு என்ன திதி?"

ஐயர் திகைத்துப்போனார். "ஏற்கெனவே ஒரு திதி பிடிச்சுக்கொண்டு வாறியள்தானே அம்மா? அதையே பிடிக்கலாம்."

"அது அவருக்கு. நான் இவருக்குக் கேக்கிறன்" என்றார் பெரியம்மா. "இவருக்கும் என்னை விட்டா ஆர் இருக்கினம்?"

அப்பா எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரியம்மா மட்டும் ஐயர் சொன்ன நாளைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு குசினிக்குள் போனார். அதன்பின் சாகும்வரை வருஷத்தில் இரண்டு நாள் விரதம் இருந்தார்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் உல்லாசப் பயணிகளின் வான் வண்டிகள் நிற்கின்றன. மாலை போட்ட படமும் கூறைச் சேலையும் போர்க்காலத்து ஏதோ ஓர் இடப்பெயர்வில் போயின. அந்த அலைச்சலில் பெரியப்பாவின் இரண்டு திதிகளும் எந்தெந்த நாள் என்பது எனக்கு மறந்துபோயிற்று, கேட்டறிய ஆளும் இல்லை. பெரியம்மாவின் திதி மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் மூன்று இலை போடுகிறேன். போன வருஷம் என் மகள், ஏன் அம்மா மூன்று என்று கேட்டாள்.

"ஒண்டு பெரியம்மாவுக்கு," என்றேன், "ரெண்டு அவவின்ர புருஷனுக்கு."