ஹட் பே மணலில் ஒரு நொச்சி

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அந்தோணி அண்ணனின் மனைவி ஜெசிந்தா அக்கா சென்னையிலிருந்து போனில் பேசினார். "அண்ணன் போயிட்டாருப்பா." ஹட் பே தீவுக்குப் புறப்படும் கப்பல் சங்கு ஊதியது. எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல இனி வழியே இல்லையே என்ற பயம்.

அந்தோணி அண்ணனைத் தெரியாதவர்கள் நம் ஜெட்டியில் இல்லை. மக்கர் பண்ணும் எஞ்சினைத் திட்டியே ஓட வைப்பார் என்று நாமெல்லாம் கேலி செய்திருக்கிறோம். சுனாமியில் ஹட் பேயில் அவர் வீடும் போனது, தம்பி சேவியரும் போனார். உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாமல், வாசல் இருந்த இடத்தில் கடற்கரை நொச்சியை நட்டார். உப்பேறிய வெறும் மணல். வைத்த குச்சியெல்லாம் கருகியது. சளைக்காமல் மறுபடி மறுபடி நட்டார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். வாடிய குச்சியைப் பார்க்கப் பொறுக்காமல் பாட்டில் தண்ணீரைச் சாய்த்தேன். கையைத் தட்டிவிட்டு, பாதி இந்தியில் தடுத்தார். "சோடோ பாய், விட்டுடு. நல்ல தண்ணி குடிச்சுப் பழகிட்டா அப்புறம் இந்த மண்ணு அதுக்கு ஆகாது." அந்தக் குச்சி பிழைத்தது, இடுப்பளவு வளர்ந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் திரும்பக் கப்பலேறுவார். "சேவி நல்லாயிருக்கான்" என்பார்.

நுரையீரல் வைத்தியத்துக்கு மெயின்லேண்டில் சென்னைக்குப் போனபோது செடியை என் பொறுப்பில் விட்டார். நான் போய்ப் பார்த்தபோது அங்கே செடி இல்லை. மழைக்காலத்து அலை கரையை அரித்து வேரோடு கொண்டுபோயிருந்தது. தம்பியை இரண்டாம் முறையும் கடல் எடுத்துக்கொண்டது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? போனில், "பூத்திருக்கு அண்ணே" என்றேன்.

"அப்ப ரெண்டு கொத்து அனுப்பு. வேது பிடிக்கணும்."

இங்கே கராச்சர்மாவில் யார் வீட்டு வேலியிலோ நொச்சி ஒடித்து, சென்னை போன நண்பரிடம் கொடுத்தனுப்பினேன்.

அக்கா தீவுக்குத் திரும்பி நடத்திய முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். "பொட்டலத்தைப் பிரிச்சதுமே இலையை எண்ணினாருப்பா. நம்ம செடியில காம்புக்கு மூணு, இதுல அஞ்சு. அப்புறம் தண்ணி கொதிக்க வைன்னார். போர்வைக்குள்ள இருந்துகிட்டே சொன்னார், 'அவன் கேட்டா, சேவியோட செடிதான், வாசத்துலயே தெரிஞ்சுதுன்னு சொல்லிடு. பாவம், தவிச்சுப் போவான்.'"

நான் கேட்கவே இல்லை. கேட்கத் துணிச்சல் வரவில்லை. அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது, மூச்சு முட்டிய நேரத்தில் எனக்காக அவர் சொல்லிவைத்த அந்தப் பொய்தான்.